சிவப்புச் சீட்டு கட்டிய கீபேட்

மூன்று முறை சோதனையில் தோற்ற பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டிப் பூட்டிய பெட்டியில் தனியே வைக்க வேண்டும். எழுத்தில் முடிவு வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்த அப்பா, இந்த விதி வீட்டுக்கும் பொருந்தும் என்று நம்பினார். கட்டிலுக்கடியில் அப்படியொரு பெட்டி இருந்தது. ஓடாத கடிகாரம், கசிகிற மிக்ஸி ஜார் ஆகியவற்றோடு என் கணக்குப் பரீட்சைத் தாளும் சில காலம் அதில் கிடந்தது. ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு முப்பத்தைந்து வயதிலேயே பென்ஷன் வாங்குகிற நான் எத்தனையோ நடைமுறைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் கறார் அவற்றில் எதற்கும் வராது.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கியிருந்தார். வேலை பார்த்த தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் அவருடைய வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரகடம் சாலையில் லாரிகளை எடைபோடும் வே பிரிட்ஜ் ஒன்றில், கம்ப்யூட்டரில் எண்களை அடிக்கும் வேலை காலியாக இருந்தது. திங்கட்கிழமை வந்து அடித்துக் காட்டு, லாரி தேங்காவிட்டால் வேலை உனக்கு என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். சாதாரணக் கீபோர்டில் மாமா ஒரு பொத்தானைத் தொட்டால் இரண்டு அமுங்கின.

அதனால் பழைய சாமான் கடையிலிருந்து எண்கள் மட்டுமே உள்ள ஒரு கீபேட் கொண்டுவந்தார். எந்தத் தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் இருந்ததோ, ஒவ்வொரு பொத்தானும் பிஸ்கட் அளவு. எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அதன் யூஎஸ்பி வயரைச் செருகியதும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கம்ப்யூட்டர் கேட்டது. கூடவே கிடைத்த சிடியைப் போட்டோம். அதில் இருந்தது முந்தைய மாடலின் டிரைவர். பொருந்தாது என்று கம்ப்யூட்டர் கைவிரித்தது. மறுபடி போட்டோம். மறுபடியும் போட்டோம்.

“மூணு வாட்டி ஆச்சு,” என்று அப்பா சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்தார்.

“மச்சான், திங்கக்கெழம எனக்கு டெஸ்ட்டு கீது!” என்றார் மாமா.

“டெஸ்ட்டு உனுக்கு. இது ஏற்கெனவே ஃபெயிலு.”

“இன்னாங்க, என்னியும் ஒருநாள் சீட்டு கட்டி பொட்டில வெச்சிடுவீங்களா?” அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“நீ இன்னும் மூணு வாட்டி தோக்கல.”

அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

நானும் விதிப்படியே நடந்தேன். பொருளை விடுவிக்கக் கோரி ஒரு மனு எழுதி, வியாழக்கிழமை காலை அப்பாவின் டிபன் கேரியர்மேல் வைத்தேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை.

காத்திருந்த நேரத்தில் சிடியைக் குடைந்தேன். டிரைவரோடு இருந்த கோப்பு ஒன்று நோட்பேடில் திறந்தது. உள்ளே சாதனங்களின் எண்கள், வரிசையாக. அப்பாவின் தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் பட்டியல் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆறு வருடம் உள்ளே உழைத்தவராக இருந்தாலும், அன்றைய தாளில் பெயர் இல்லாவிட்டால் வெளியேதான் நிற்க வேண்டும். எங்கள் கீபேடின் எண்ணை, அது பெட்டிக்குள் போகுமுன்பே கம்ப்யூட்டரில் பார்த்துக் குறித்துவைத்திருந்தேன். பட்டியலில் இருந்த எண்ணுக்கும் அதற்கும் கடைசி இலக்கம் மட்டுமே வித்தியாசம். கோப்பைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, எங்கள் எண்ணுக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். இனி கீபேட் வேண்டும்.

சனிக்கிழமை அப்பா முதல் ஷிஃப்டுக்குப் போனார். எப்போதும் அவருடைய அரைஞாண் கயிற்றில் இருக்கும் பெட்டிச் சாவி காலண்டர் ஆணியில் தொங்கியது. தவறே செய்யாத மனிதர் மறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குதூகலம். பெட்டியைத் திறந்தேன்; சீட்டை அறுத்து உள்ளேயே வீசினேன்; வயரைச் செருகினேன். இந்த டிரைவர் சோதிக்கப்படாதது என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. அதன் கீழேயே, பரவாயில்லை, தொடரலாம் என்று ஒரு பொத்தானும் இருந்தது. விதியை மீறுவதற்கும் விதியே வழி வைத்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அழுத்தினேன்.

மாமா இரண்டு விரல்கள் மிஞ்சிய கையை மெல்ல வைத்தார். திரையில் ஒரு நான்கு வந்தது.

“டேய் மாப்ள, ஒண்ணே ஒண்ணு வுழுதுடா!”

அதன்பிறகு திரை முழுக்க நான்காக அடித்துத் தள்ளினார்.

ஷிஃப்டு முடிந்து வந்த அப்பா, மேசைமேல் இருந்த கீபேடைப் பார்த்தார். “ஒம்போது நல்லா அமுங்குதா?” என்று மட்டும் கேட்டார். சாவியை மறந்த வெட்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, கீபேடையும் பென் டிரைவில் திருத்திய கோப்பையும் எடுத்துக்கொண்டு போனார் மாமா. பதினோரு லாரிகள், ஒன்றும் தேங்கவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறார். அப்பாவின் பெட்டியை உடைத்த கதையை நான் ராணுவ முகாம்களிலெல்லாம் அளந்திருக்கிறேன்.

இந்த வருடம் போகிக்கு வீட்டில் பழையதைக் கழித்தபோது, பூட்டு துருப்பிடித்த அந்தப் பெட்டிக்கு அப்பாவே சிவப்புச் சீட்டு கட்டி என்னிடம் தந்தார். பெட்டியின் அடியில், நான் அன்று அறுத்து வீசிய பழைய சீட்டு கிடந்தது. முன்பக்கம் குறை எழுத, பின்பக்கம் முடிவு எழுத. லைனில் ஒருநாள் நின்றவருக்குக்கூட அது தெரியும். நான் அன்று திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கத்தில், அந்த வெள்ளிக்கிழமைத் தேதியோடு அப்பாவின் கையெழுத்து: ‘மனு கிடைத்தது. பையன் சோதித்துப் பார்க்க விடுவிக்கப்படுகிறது. சாவி காலண்டர் ஆணியில்.’

முடிவை எழுத வேண்டும் என்பதுதான் விதி. மனுப்போட்டவனிடம் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. பூட்டிய பெட்டிக்குள் வெள்ளிக்கிழமை எழுதி வைத்த பதில், என் கைக்கு இந்தப் போகியன்று வந்து சேர்ந்தது.