பதினாறாம் நாள் இலை

அமைதிப்படையோடு வெளிநாட்டுக்குப் போன என் மகன் அங்கே நடந்த சண்டையில் இறந்தான். இருபத்து நான்கு வயது.

தினமும் மாலை ஆறு மணிக்கு மலேசியாவில் கிள்ளானிலிருந்து அவனை அழைப்பேன். அங்கே அப்போது மதியம். எடுத்ததும் "சாப்டியா?" என்றுதான் கேட்பேன். கடைசி நாளும் கேட்டேன். "அப்புறம்மா" என்று வைத்துவிட்டான். அன்றிரவு அவன் போன ரோந்து வண்டிமீது குண்டு விழுந்தது.

அதிகாரிகள் வந்து என்னென்னவோ சொன்னார்கள். பிள்ளை பசியோடு போய்விட்டானா என்பது மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இதைப் போய் யாரிடம் கேட்பது?

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனோடு இருந்த இரண்டு மலாய்ப் பையன்கள் வந்தார்கள். அவன் உடலோடு ஊர் திரும்பியவர்கள். படையல் முடிந்ததும் இருவருக்கும் வாழை இலை போட்டுச் சோறு வைத்தேன். மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

கணவர் காதருகே வந்தார். "என்னாமா, ரெண்டு பேரும் நோன்பு லா. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். மகன் இறந்ததே நோன்பு மாதத்தின் முதல் வாரம். அதற்குப் பிறகு எனக்குக் கிழமைகூடத் தெரியவில்லை. கூசிப்போய் இலையை எடுக்கக் குனிந்தேன். இருவரில் பருமனானவன் தடுத்தான்.

"தாப்பா, மக்சிக். இருக்கட்டும். பொழுது சாயட்டும், சாப்பிட்டுத்தான் போவோம்" என்றான் மலாயில். தாப்பா என்றால் பரவாயில்லை. அவர்கள் மக்சிக் என்பது நம் ஆன்டி போல.

காத்திருந்தார்கள். நாற்காலிகளை மடக்கினார்கள், பந்தல்காரரின் லோரியில் ஏற்றினார்கள். இடையில் பருமனானவன் சிரித்தான்.

"மக்சிக் குரல் எங்க ரூமுக்கே தெரியும். போன் அடிச்சா போதும், அவன் எடுக்குறதுக்குள்ள நாங்க எல்லாரும் 'சாப்டியா'ன்னு கத்துவோம்."

கேட்டுவிட்டேன். "கடைசி நாள் ஏம்ப்பா அப்புறம்னு சொன்னான்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒல்லியானவன்தான் சொன்னான். "எங்களோட அவனும் நோன்பு இருந்தான். சொன்னா அம்மா பயப்படுவாங்கன்னு மறைச்சுட்டான்."

"அப்போ அன்னிக்கு..."

"சாயங்காலம் ஒண்ணாத்தான் நோன்பு துறந்தோம், மக்சிக். வயிறாரச் சாப்பிட்டான். என் தட்டுல இருந்த கோழியையும் எடுத்துக்கிட்டான், திருடன்! அதுக்கப்புறம்தான் ரோந்துக்குப் போனான்."

அழுதேன்தான். ஆனால் பதினாறு நாள் அழுத அழுகை இல்லை அது.

பக்கத்துச் சூரா தொழுகைக்கூடத்தில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் தேடி ஓடிய கணவரை நிறுத்திவிட்டு, இலையில் இருந்த வடையைக் கையில் எடுத்து நோன்பு துறந்தார்கள். சாம்பாரைச் சுட வைத்து ஊற்றினேன். பருமனானவன் பாயசம் மூன்று முறை கேட்டு வாங்கினான். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கை கழுவி வந்த பருமனானவன் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான். "மக்சிக், சாப்டியா?"

இல்லை. காலையிலிருந்தே இல்லை.

அவனே ஒரு இலையைப் போட்டான். உட்கார்ந்தேன்.