நானே மாட்டிக் கொடுத்த வெள்ளை வெளிச்சம்

காருக்குச் செனான் என்கிற வெள்ளை லைட் போடுவது சட்டப்படி சரியா தப்பா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாருமே, அதைப் போடச் சொல்லிக் காரைக் கடை வாசலில் நிறுத்திய பிறகுதான் கேட்டார்கள். தப்பு என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அது தெரிந்துதான் பல வருஷமாக, “எல்லாரும் போடறாங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்திருக்கிறேன்.

கண்ணமங்கலத்தில் ரோட்டோரமாக எனக்கு ஒரு கார் எலக்ட்ரிக்கல் கடை. செல்ப் மோட்டார், ஹாரன், ஒயரிங், லைட், எல்லாம் பார்ப்பேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அதிகம் கேட்பது லைட்தான். மார்கழி பிறந்துவிட்டால் ஜவ்வாது மலைப்பாதையில் காலை எட்டு மணிக்கும் பனி விலகாது. ரோட்டின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாது. பழைய கார்களின் மஞ்சள் வெளிச்சம் அந்தப் பனியில் இரண்டு வண்டி நீளத்துக்கு மேல் போகாது.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். சாமையும் புளியும் வைத்திருக்கிற விவசாயி. ஐம்பது வயது தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, யாரோ ஓட்டித் தள்ளிய ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். முன்விளக்குக் கண்ணாடி இரண்டும் பழுப்பேறிக் கிடந்தன. வெள்ளை லைட் போடு தம்பி என்றார். நானும் போட்டேன். அந்த செட் வந்த அட்டைப்பெட்டியின் அடியில், சாலையில் பயன்படுத்துவதற்கல்ல என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கும். அதை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. ஒரு பல்பு சரியாக எரியாததால் வேறு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். அதனால் இடது பக்க வெளிச்சத்தில் மட்டும் லேசாக ஊதா அடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆரணி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பகல் மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஐப்பசியில் மலையில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நானும் என் மனைவியும் பைக்கில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தூறல். வேகமாக ஓட்டவில்லை, ஈர ரோட்டில் நான் எப்போதுமே வேகமாக ஓட்டமாட்டேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எதிரே ஒரு கார் ஏறி வந்தது. அவ்வளவுதான், எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியில் இருந்த ஒவ்வொரு மழைத்துளியும் ஒரு பல்பாக எரிந்தது. ரோடு இருக்கும் என்று நினைத்த பக்கம் வண்டியை விட்டேன். அங்கே ரோடு இல்லை, ஓரத்துச் சேறு. வண்டி சறுக்கிக் கால்வாயில் சாய்ந்தது. எனக்கு முட்டியில் தோல் போனது. அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள்.

கார் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி ஓடி வந்தார். அவர் பின்னால் அந்த இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காரின் இடது விளக்கில் லேசான ஊதா.

அவர் தன் துண்டை எடுத்து என் மனைவியின் மணிக்கட்டை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். காரை அந்த இடத்திலேயே திருப்பி, எங்களை ஏற்றிக்கொண்டு போளூருக்கு இறங்கினார். தன் ஊருக்குப் பாதி தூரம் வந்தவர், முகம் சுளிக்கவில்லை. நான் பின் சீட்டிலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். வெளிச்சம் ரோட்டில் மட்டும் விழவில்லை, மரங்களின் உச்சி வரை போயிற்று. எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஓரம் கட்டினார்கள். அவர்கள் வழிவிடுகிறார்கள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ரோடு வழுக்கிவிட்டது என்று அவரே சொன்னார். நான் தலையாட்டினேன்.

மனைவிக்கு மாவுக்கட்டு போட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாப்பிடும்போது, இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“அந்த லைட்டு நீங்க போட்டதுதானே?”

ஆமாம் என்றேன்.

“அவுருகிட்ட சொன்னீங்களா?”

இல்லை என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் கோபித்துக்கொள்ளவாவது எனக்கு வழி கிடைத்திருக்கும்.

சில வாரம் கழித்து, பதினைந்து வருஷம் முடிந்த ஒரு காரைப் பதிவு புதுப்பிக்கும் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். வண்டியைப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளரிடம் செனானைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். கம்பெனியிலிருந்து வரும்போதே செனானோடு வந்தால் சரி, அதற்கென்றே லென்ஸ் இருக்கும், எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் வெளிச்சத்தை மேலே போகாமல் வெட்டி விடும். சாதா பல்புக்காகச் செய்த டூம் என்கிற விளக்குக் கூட்டுக்குள் இதைக் கொண்டுபோய்ச் செருகினால், வண்டியைக் கம்பெனி செய்த விதத்திலிருந்து நாம் மாற்றியதாகிவிடும், சட்டத்தில் அதற்கு இடமில்லை, பரிசோதனையிலும் நிற்காது என்றார். அப்படியென்றால் கடையில் ஏன் விற்கிறார்கள் என்று கேட்டேன்.

“என் முன்னாடி வந்து நிக்கிற வண்டியத்தான் நான் பார்க்க முடியும்” என்றார்.

விற்கலாம், வாங்கலாம், போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போகக்கூடாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றிலிருந்து செனான் போடுவதை நிறுத்தினேன். வந்தவர்களிடம் காரணம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், உனக்குப் போடத் தெரியவில்லை என்று சொல்லு என்றார். கேட்டுக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்து, நாலு கடை தள்ளி நிறுத்தியவர்களும் உண்டு. நான் பார்க்கப் பார்க்க அங்கே போட்டுக்கொண்டு போனார்கள்.

தை மாதம் அந்தச் சாமை விவசாயி, மலைக்காரர், வந்தார். செனான் பல்புக்குக் கரண்ட் கொடுக்கிற பேலஸ்ட் என்ற டப்பா வலது பக்கம் செத்துப்போயிருந்தது. முதலில் என் மனைவியின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு பையில் கொஞ்சம் சாமை அரிசி கொண்டுவந்திருந்தார், அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல்லி. பிறகு, புது டப்பா போடு என்றார். போடமாட்டேன் என்றேன். சட்டத்தைச் சொன்னேன்.

“இன்னா தம்பி, போட்டது நீ. இப்ப நீயே சட்டம் பேசறியா?”

போலீஸ் பிடித்தாரா, இத்தனை நாளில் ஒருவராவது கேட்டாரா என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பனியில் தான் தடவிக்கொண்டு ஓட்டியதெல்லாம் எனக்குத் தெரியுமா என்றார். எனக்கும் சூடேறிவிட்டது. அவர் மேல் இல்லை. ஆனால் எதிரே நின்றவர் அவர்தானே.

“அன்னிக்கு நாங்க வுழுந்தது வழுக்கி இல்லண்ணே. உங்க லைட்டு கண்ணுல அடிச்சுத்தான் வுழுந்தோம்.”

அவர் கையிலிருந்த சாமைப் பையைக் கீழே வைத்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரில ஏன் சொல்லல?”

“லைட்டு நான் போட்டது. எப்படிண்ணே சொல்றது?”

கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். “எத்தினி பேரு இந்த மாதிரி வுழுந்தாங்களோ, எனக்கு இன்னா தெரியும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, “நீதானே போட்ட, நீயே கழட்டு” என்றார்.

கழற்றினேன். உள்ளே பார்த்தால் சூட்டில் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற பளபளப்புப் பூச்சு கருகி உதிர்ந்திருந்தது. பழைய பல்பைத் திரும்பப் போட்டால் முன்பு இருந்ததைவிட மோசமாகத்தான் எரியும். இரண்டு பக்கமும் புது டூம் வரவழைத்தேன். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, ரிலே என்ற சுவிட்சு வைத்து, கம்பெனி அளவு பல்பையே போட்டேன். காரை எதிர்ச்சுவருக்கு நேராக நிறுத்தி வெளிச்சத்தின் உயரத்தைச் சரிசெய்தேன். பழையதைவிட இரண்டு மடங்கு நன்றாகவே எரிந்தது. இந்த வேலையை முதல் நாளே செய்திருக்கலாம். அவர் கேட்டது வெள்ளை, நான் கொடுத்தது வெள்ளை.

மாசியில் மறுபடி வந்தார், இந்த முறை வேறு கோபத்தோடு. தான் ஒருவன் கழற்றி என்ன பயன், எதிரே வருகிற வண்டி பாதிக்கும் மேல் அதே லைட்டோடு வருகிறது, இப்போது கண் கூசி ஓரம் கட்டுவது தான்தான் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் வண்டி நம்பர்களைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார்.

“கண்ணே தெரியல சார், நம்பர் எங்க தெரியும்?” என்றார் மலைக்காரர்.

ஆனாலும் சோதனை நடந்தது. அடிவாரத்தில் இரண்டு நாள், காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில். ஹெல்மெட் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். லைட்டைப் போடச் சொல்லி ஒருவரிடமும் கேட்கவில்லை. மலைக்காரரையும் நிறுத்தினார்கள். சீட் பெல்ட் போடவில்லை என்று அபராதம் கட்டிவிட்டு, நேராக என் கடைக்கு வந்து அந்த ரசீதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை என்ன செய்வது?

பங்குனியில் போன் வந்தது. புளி மூட்டைகளோடு இறங்கும்போது பஸ் டிரைவர் ஒருவர் நிறுத்தி, லைட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாயே என்று திட்டினாராம். எல்லாம் சட்டப்படி வைத்திருக்கிறேன், அப்புறமும் திட்டு வாங்குகிறேன், வந்து பார் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போனேன். என் மனைவியும் வந்தாள். கட்டுப் பிரித்து மாதங்கள் ஆகியும் அவளுடைய மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை. மலைக்காரர் அவளை உட்காரச் சொல்லி, பலாச்சுளைகளைத் தானே கொட்டை நீக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

காரணம் சாதாரணமானது. டிக்கியில் மூன்று மூட்டை ஏற்றினால் பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் தூக்கும், வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்துக்குப் போகும். லைட்டை உள்ளிருந்தே இறக்குகிற திருகு அந்தக் காரில் எப்போதோ உடைந்துபோயிருந்தது. பானெட்டைத் திறந்து லைட்டை ஏற்றி இறக்குகிற ஸ்குரூவைக் காட்டி, மூட்டை ஏற்றினால் ஒன்றரைச் சுற்று இறக்கச் சொன்னேன்.

“அப்ப மூட்டைய இறக்கனதும் மறுபடியும் ஏத்தணுமா?”

ஆமாம் என்றேன். இதையெல்லாம் எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று எரிச்சலாகக் கேட்டார். தெரியாது என்றேன். என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுச் சுவரைப் பார்த்தபடி, ஒன்றரைச் சுற்று என்று எண்ணிக்கொண்டே திருப்பினார். அதிகமாகத் திருப்பிவிட்டார், வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழுந்தது. திட்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.