பியூலா அக்கா திரும்பப் பெற்ற கட்டுரை

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது ஜெபராஜ் அழைத்தார். பியூலா அக்காவின் தம்பி. ஆய்வகத்துக்கு வெளியே வந்து எடுத்தேன். "முத்துக்கா, அக்கா போயிட்டா," என்றார். சிறுநீரகக் கோளாறு முற்றி அக்காவைத் திருநெல்வேலியில் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகலாம் என்றிருந்தேன். உள்ளே திரும்பி, மிச்சமிருந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டேன். என்ன போட்டேன் என்று இப்போது நினைவில்லை.

அவரும் நானும் ஒரே துறையில் ஆசிரியர்கள். எங்கள் கல்லூரி துறைமுகச் சாலையில் இருக்கிறது. அங்கே யாராவது பள்ளம் தோண்டினால் கேபிள் அறுந்து இணையம் போய்விடும். அறுந்த உடனே தகவலை வேறு பாதைக்குத் திருப்ப முடியுமா என்பதுதான் நாங்கள் சேர்ந்து செய்த ஆய்வு. வழக்கமான வலையமைப்பில், தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை, கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டி ஒவ்வொன்றும் தானே முடிவு செய்யும். எங்கள் அமைப்பில் எல்லா முடிவையும் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் எடுக்கும். ஸ்விட்சுகள் அது சொன்னபடி கேட்கும்.

கடையில் வாங்கும் ஸ்விட்சுகளை அக்கா தொடவே மாட்டார். துறையில் ஒதுக்கிப் போட்டிருந்த கணினிகளில் திறந்த மூல ஸ்விட்ச் மென்பொருளை ஏற்றினோம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் களிம்பேறிவிடும். அவற்றைத் தேய்த்துக்கொண்டே அவர் சொல்வது, அவரிடம் படித்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: "ஏளா, பூட்டுன பெட்டிக்குள்ள என்ன நடக்குன்னு தெரியாம, நல்லா வேலை செய்யுதுன்னு மட்டும் எழுதுனா அதுக்குப் பேரு விளம்பரம்."

முடிவுகள் நாங்களே எதிர்பாராத அளவுக்கு நன்றாக வந்தன. ஒரு மாநாட்டில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துறையில் எல்லாருக்கும் மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அக்கா தன் பங்கை மேசையிலேயே வைத்துவிட்டார். இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஸ்விட்சின் நிரலைப் படிக்க உட்கார்ந்தார்.

படித்து முடித்து என்னை அழைத்துக் காட்டினார். ஒரு வகைத் தகவலுக்கு ஒருமுறை கிடைத்த முடிவை அந்த ஸ்விட்ச் நினைவில் வைத்துக்கொள்ளும். அதே வகையில் அடுத்து வருவதை யாரையும் கேட்காமல் அனுப்பிவிடும். நாங்களோ சோதனை முழுவதும் ஒரே வகைத் தகவலைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தோம். வேகத்தில் பெரும்பகுதி ஸ்விட்சுடையது. எங்கள் முறைக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

அந்தக் கட்டுரையை நம்பித்தான் எங்கள் இருவரின் முனைவர் பட்டமும் இருந்தது. மாநாட்டில் வாசித்துவிட்டு வாருங்கள், அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்ளலாம் என்றார் துறைத்தலைவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

"இத நம்பி இன்னொருத்தன் இதுக்கு மேல கட்டுவான் முத்து," என்றார் அக்கா. "அவன் விழுந்தா நமக்குத் தெரியக்கூடச் செய்யாது."

இருவரும் கையெழுத்திட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். அன்று என் ஊரான ஆறுமுகநேரிவரை பேருந்தில் அழுதுகொண்டே போனேன்.

பலவகைத் தகவலையும் கலந்து அனுப்பி, சோதனையை முதலிலிருந்து செய்தோம். மிஞ்சியது சிறிய முன்னேற்றம். அக்கா அதைச் சிறியது என்றே எழுதினார். அந்த ஸ்விட்சின் கையேட்டுக்கு, சோதனை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது என்று ஒரு பத்தியும் எழுதி அனுப்பினார், சேர்த்துக்கொண்டார்கள். எங்கோ தூரதேசத்திலிருந்து ஒருவர், தானும் அதே குழியில் விழ இருந்ததாக நன்றி சொல்லி எழுதினார். கட்டுரை ஏற்கப்பட்ட நாளில் அக்கா முகத்தில் இல்லாத சந்தோஷத்தை அன்றைக்குப் பார்த்தேன்.

ஆனால் காலம் போய்விட்டது. எனக்கு எப்படியோ பட்டம் கிடைத்தது. அக்காவுக்கு அதற்குள் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தபோது மருத்துவமனையில் இருந்தார்.

நாசரேத்தில் அவர் வீட்டுக்குப் போனதும், அஞ்சலிப் பலகைக்கு வரைந்திருந்ததை ஜெபராஜ் செல்போனில் காட்டினார். 'முனைவர் பியூலா' என்றிருந்தது.

"தீசிஸ் குடுத்துட்டாள்லா. வைவா ஒண்ணுதான பாக்கி. போடலாம்லாக்கா?"

போடுங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தச் சொல்லுக்கு அவரைவிடத் தகுதியான ஒருவரை நான் அறியேன்.

"அவங்களுக்குப் பிடிக்காது தம்பி," என்றேன்.

அவர் அச்சகத்துக்குப் போன் செய்து, பெயருக்கு முன்னால் இருப்பதை எடுத்துவிடச் சொன்னார். ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது, வெறும் பெயரோடு அந்தப் பலகை கோயில் வாசலில் நின்றது. நான் சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றும் நினைக்கிறேன்.

ஒரு முடிவு நன்றாக வந்தால் இப்போதெல்லாம் நான் உடனே யாரிடமும் சொல்வதில்லை. ஏன் வந்தது என்று தெரியும்வரை மேசையிலேயே கிடக்கட்டும் என்று விடுகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். என் அறைக் கதவில் 'முனைவர்' என்று போட்டுப் பெயர் எழுதியிருக்கிறது. தினமும் அதைத் தள்ளித் திறந்துகொண்டுதான் உள்ளே போகிறேன்.