சரக்கு வண்டிக்குப் பாஸ் கிடையாது

கால்பந்து பார்க்க வருகிறவன் சைக்கிளை எங்கே போட வேண்டும், பைக்கை எங்கே நிறுத்த வேண்டும், எந்த பஸ் எந்த வழியாகச் சுற்றிப் போகும், எல்லாவற்றையும் போலீசார் பேப்பரில் போட்டிருந்தார்கள். லாரி, டிராக்டர், மாட்டு வண்டி ஊருக்குள் வரவே கூடாது என்றும் போட்டிருந்தார்கள். ஆட வருகிறவன் லாரியில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் போடவில்லை. லாரியில் வருகிறவனும் ஆடுவான் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது.

அந்த லாரியை ஓட்டியவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் அது. ஏரல் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போவது என் வேலை. என் தம்பி அதே லாரியில் தார் ஏற்றி இறக்குவான். வாழைக்கறை இல்லாத சட்டை அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. சாயங்காலமானால் அறுப்பு முடிந்த வயலில் பந்து ஆடுவான். எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். அந்த அணி எப்படியோ ஜெயித்து ஜெயித்து, பாளையங்கோட்டையில் நடந்த பெரிய போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது.

அரையிறுதி முடிந்ததும் ஒருவர் தம்பியைத் தேடி வந்தார். ஒரு பெரிய கம்பெனியில் விளையாட்டு அதிகாரி. அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக அணி உண்டு. அதில் சேர்த்துக்கொண்டால் வேலையும் கொடுப்பார்கள், நிரந்தர வேலை. தம்பியின் வயதைக் கேட்டார். சொன்னான். இந்த வருஷத்தை விட்டால் வயது தாண்டிவிடும் என்றார். பிறகு அவன் தோளில் கை வைத்துச் சொன்னார்.

"பைனலுக்கு ஒன்னைப் பாக்கத்தான் வாரேன். இன்னைக்கு ஆடின மாதிரி ஆடு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து இறுதி ஆட்டம் வரைக்கும் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. அம்மா அவன் இலையில் இரண்டு முட்டை வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

இங்கே பூட்ஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வர அந்தக் காலத்தில் மேலத்தெரு வழியாகத்தான் பாதை. அதில் நாங்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. சட்டத்தில் அப்படிக் கிடையாது, தெருவில் உண்டு. அணி தொடங்கிய புதிதில் ஒருவன் ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த வழியாக வந்தான். காலில் போடவில்லை, கழுத்தில்தான் போட்டிருந்தான். அதற்கே அவனை அடித்து, பூட்ஸைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள். அதற்குப் பிறகு எல்லோருடைய பூட்ஸையும் ஒரே உரச்சாக்கில் போட்டுக் கட்டி, லாரியில் டிரைவர் பக்கத்தில் வைத்துவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. மைதானத்தில் வண்டி நின்றதும் டிரைவர்தான் சாக்கை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஆட்டக்காரன் யாரும் அதைத் தொட மாட்டான். கொஞ்ச காலம் கழித்து வாய்க்கால் கரையில் எங்களுக்குத் தனிச் சாலை வந்தது. மேலத்தெருவுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சாக்கு மட்டும் போகவில்லை. பயத்தில் வந்த பழக்கம் பயம் போனால் போய்விடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரையிறுதிக்கு லாரியை மைதானத்தின் சுற்றுச்சுவர் வரைக்கும் கொண்டுபோனேன். ஒருவரும் கேட்கவில்லை. இறுதி ஆட்டத்துக்கு மந்திரி வருகிறார் என்றதும் எல்லாம் மாறிவிட்டது. எங்கள் அணியின் செயலாளர் எங்கள் தெருத் தையல்காரர். அவர் முதல் நாளே போய் வண்டிக்குப் பாஸ் கேட்டிருக்கிறார். கார், வேன், பஸ் இவற்றுக்கு உண்டு, சரக்கு வண்டிக்குப் பாஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டக்காரர்களை நேரில் பார்த்தால் போலீஸ் விட்டுவிடும் என்று மனிதர் நம்பினார். சட்டைக்கு அளவெடுக்கிற ஆள், போலீசையும் அளந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்.

திருச்செந்தூர் சாலையில் பாளையங்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். லாரி நிறைய எங்கள் ஆட்கள், கொட்டு வேறு. எஸ்.ஐ. கையைக் காட்டி நிறுத்தினார். எந்த ஊர் என்றார். சொன்னேன். எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்து நடந்திருந்தது. தெருவின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், வண்டி பின்னால் இருக்கிற குளத்துக்குப் போக வேண்டும் என்றார்.

தையல்காரர் குதித்து இறங்கி, இதில் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், இன்றைக்கு ஆடப் போகிறவர்களே இவர்கள்தான் என்று கும்பிட்டுச் சொன்னார்.

"காலைலேருந்து வந்தவன் பூரா ஆட வந்தவன்னுதாம்லே சொல்லுதான்," என்றார் எஸ்.ஐ. "பந்து ஒண்ணுதான இருக்கு. எத்தன பேருலே ஆடுவிய?"

தம்பி லாரிக்கு மேலே நின்றபடி, உள்ளே போட்டிருந்த கால்சட்டையைக் காட்டுவதற்காக, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கினான்.

"தூக்கிக் காட்டுதான் பாரு," என்றார் எஸ்.ஐ. போலீஸ்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சாரத்தை இறக்கிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் எதிரணியின் பஸ் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. கண்ணாடியில் பாஸ் ஒட்டியிருந்தது. கயிற்றை இறக்கி விட்டார்கள். ஜன்னலில் இருந்த ஒருவன் தம்பியை அடையாளம் கண்டு கையாட்டினான். பஸ் போனதும் கயிறு மறுபடி ஏறியது. அதற்கு மேல் பேச்சு இல்லை, லத்திதான். லாரியின் பின்கதவில் படபடவென்று அடித்தார்கள். எங்கள் ஆட்கள் கிடைத்த பக்கம் குதித்தார்கள். ஒரு போலீஸ்காரன் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சாக்கின் மேல் காலை வைத்துக்கொண்டான்.

சாக்கில் பூட்ஸ் இருக்கிறது, கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"ஓட்டுலே," என்றான்.

மறுபடியும் சொன்னேன். லத்தியின் நுனியை என் விலாவில் வைத்து அழுத்தினான். ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். தம்பியும் மற்றவர்களும் மைதானத்தைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர்தானே கொண்டுவருவான்.

குளம் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தது. உடைமரங்களுக்கு நடுவில் எங்களைப் போன்ற வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன். பஸ்ஸை எல்லாம் வேறு வழியாகத் திருப்பிவிட்டதால் அந்தச் சாலையில் ஒரு வண்டியும் இல்லை. ரோட்டுத் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது.

கயிறு கட்டிய இடத்தில் வேறு போலீஸ்காரன் நின்றான். சாக்கை இறக்கச் சொல்லி, அவிழ்த்து, நடுரோட்டில் கவிழ்த்தான். எல்லாம் பழைய பூட்ஸ். சிலவற்றில் அடிக்குமிழ் தேய்ந்து ஆணி வெளியே தெரிந்தது. ஒன்றை எடுத்து ஆணியைத் தடவிப் பார்த்தான்.

"என்னலே இது?"

"பூட்ஸுய்யா. எங்க பயலுவ ஆடுததுக்கு."

"ஆணி இருக்கு."

"தேஞ்சி போச்சிய்யா."

"ஆளக் கிழிக்கவாலே கொண்டு போற?"

வேப்பமரத்தடியில் என்னைக் குத்தவைத்து உட்காரச் சொன்னான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து முடிவு செய்வார் என்றான். நான் உட்கார்ந்திருக்கும்போதே மைதானத்துப் பக்கமிருந்து பெரிய சத்தம் எழுந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது. அது தம்பிக்காகப் போட்ட சத்தமா, அவனுக்கு எதிராகப் போட்ட சத்தமா என்று அங்கே இருந்து எனக்குத் தெரியவில்லை. அவனிடம் பூட்ஸ் இல்லை என்பது மட்டும் தெரியும். போலீஸ்காரன் கடலை தின்றுகொண்டிருந்தான். அவனைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் நினைத்தால் கை அப்படித்தான் மடங்குகிறது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். இறங்கக்கூட இல்லை.

"பூட்ஸுதானவே, விடும்," என்றார். "சாக்க வாங்கி வச்சிக்கிடும். பை, சாக்கு எதுவும் உள்ள போகக் கூடாது."

அத்தனை பூட்ஸையும் கையில் எப்படிக் கொண்டுபோவது? வாரை வாரோடு முடிச்சுப் போட்டு எல்லாவற்றையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். ஊரில் ஒரு ஜோடிக்கு அடித்தார்கள். இங்கே மொத்தத்தையும் மாட்டி ஊர்வலம் விட்டார்கள். வழியெல்லாம் சிரிப்பு. ஒருவன் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, ஜோடி என்ன வெல?" என்று கேட்டான். ஆணி மார்பில் குத்திக்கொண்டே வந்தது.

மைதானத்தை நெருங்கும்போது எதிரே ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சாலையில் நடக்கிற யாருக்கும் அது நிற்பதாக இல்லை. நான் சாக்கடை ஓரமாக ஒதுங்கினேன். கார் போன பக்கம் ஒரு போலீஸ்காரன் சல்யூட் அடித்தான்.

வாசலில் டிக்கெட் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் யாரோ என்னைப் பார்த்துவிட்டுத் தையல்காரரை இழுத்து வந்தார்கள். அவர் அழுது என்னை உள்ளே விட வைத்தார். இடைவேளை முடியப் போகிற நேரம். நடந்ததை அங்கேயே கேட்டேன். பூட்ஸ் இல்லாமல் ஆடக் கூடாது என்று நடுவர் சொல்லியிருக்கிறார். முந்தின ஆட்டம் ஆடிய கல்லூரிப் பையன்கள் தங்கள் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பையன்கள். மற்றவர்களுக்கு ஏதோ சேர்ந்துவிட்டது. தம்பியின் பாதம் பெரிது. விரலை மடக்கித் திணித்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். ஓட முடியவில்லை. காலி கோலுக்கு முன்னால் பந்தை உதைக்கப் போய் விழுந்திருக்கிறான். ஏலே, முள்ளு குத்திட்டாலே, தூக்கிட்டுப் போங்கலே என்று கூட்டம் கத்தியிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் கத்தியிருக்கிறார்கள்.

தம்பி தரையில் உட்கார்ந்து அந்தப் பூட்ஸைக் கழற்றினான். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப் பெயர்ந்து நின்றன. தன் பூட்ஸில் கால் விட்டு வாரை இழுத்துக் கட்டினான்.

"அந்தச் சார் இருக்காராண்ணே?" என்றான்.

விருந்தாளிகளுக்குப் போட்ட பந்தலுக்குள் நாற்காலி நாற்காலியாக ஆட்கள். யார் யார் என்று எனக்கு எங்கே தெரியும். இருப்பார், நீ ஆடு என்றேன்.

ஆடினான். அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. இரண்டு கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் எங்கள் ஆட்களைப் பார்க்கவில்லை, பந்தலைத்தான் பார்த்தான். முதல் பாதியில் முள்ளு குத்திட்டா என்று கேட்ட அதே வாய்கள் அவனைத் தெய்வம் என்றன. நாங்கள் ஜெயித்தோம்.

அந்த அதிகாரியின் நாற்காலி இடைவேளையிலேயே காலி. பந்தலில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஆள்தான் சொன்னான். பரிசளிப்பு முடிந்ததும் மந்திரி போவதற்காகச் சாலையை அடைத்துவிடுவார்கள், அவசர வேலை உள்ளவர்கள் இப்போதே காரை எடுத்துவிடுங்கள் என்று இடைவேளையில் போலீஸ் வந்து சொல்லியிருக்கிறது. அவரும் எடுத்துவிட்டார். என்ன கார் என்று கேட்டேன். வெள்ளைக் கார் என்றான்.

தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு குளம் வரைக்கும் கொட்டடித்துப் போனார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். கொட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அடுத்த வாரம் நானும் அவனும் அந்தக் கம்பெனிக்குப் போனோம். மதியம் வரைக்கும் வெளியே நிற்க வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார், உட்காரக்கூடச் சொன்னார். ஒனக்காகத்தானே வந்தேன், பாதி ஆட்டம் முழுசாகப் பார்த்தேன், உன்னால் நிற்கவே முடியவில்லையே என்றார். நாங்கள் ஜெயித்ததையும் இரண்டு கோலையும் நான் சொன்னேன். பேப்பரில் பார்த்தேன், ஆனால் என் கண்ணால் பார்த்ததைத்தானே நான் மேலிடத்துக்கு எழுத முடியும் என்றார்.

"பூட்ஸு சின்னதுங்க சார்," என்றான் தம்பி.

அவர் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பழமொழி சும்மாவாப்பா சொன்னாங்க?"

தம்பி பெருவிரலைக் காட்டியிருக்கலாம். நகம் இன்னும் முளைக்கவில்லை. ஆனால் அவன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். நான் மேஜையைத் தூக்கி அவர்மேல் போட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. வெளியே காவல்காரன் இருந்தான், மறுநாள் தார் ஏற்ற வேண்டியிருந்தது, எங்களைப் போன்றவர்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "இனும ஆட்டம்னு எவனாவது வாசல்ல வந்து நின்னா, நான் இல்லன்னு சொல்லிருண்ணே," என்றான். கோபத்தில் சொல்கிறான், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் பையன்கள் வந்து நின்றார்கள். அவன் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தான், தட்டுச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. இல்லை என்று சொன்னேன். அவர்களுக்கும் சத்தம் கேட்டிருக்கும். திரும்பிப் போனார்கள்.