பாசிக் கரை

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் அவளுக்கு 'மைக்கக்கா' என்று பெயர் வைத்தது அங்கிருந்த தேநீர்க்கடைக்காரர்தான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பத்தொன்பது வருடமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடி அறைக்குள் அவளுக்குப் பதில் பேச ஆள் கிடையாது. அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் பேசித் தீர்க்கத் தங்கை இருந்தாள்.

தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு, ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் மளிகைக் கடையில் "என்ன வேணும்?" என்று கேட்டார்கள். மைக்கக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மறுவாரமே தூண்டில் வாங்கிவிட்டாள். கையில் தூண்டில் இருந்தால், சும்மா உட்கார்ந்திருப்பவளை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஊர் ஏரியின் தெளிந்த கரைக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். "தனியாவா வந்தீங்க?" என்று ஒரு அம்மாள் இரண்டு தடவை கேட்டதும், மைக்கக்கா எதிர்க் கரைக்கு இடம் மாறினாள். அங்கே இலையும் கொடியும் பாசியுமாகத் தண்ணீரே கண்ணில் படாது. மனித வாடையும் கிடையாது. ஆனால் போட்ட தூண்டில் முள்ளெல்லாம் பாசியோடு போனது. பதினோராவது முள் அறுந்த அன்று தூண்டில் கடைக்குப் போனாள்.

"வீட்டுக்காரருக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான். பாசியில மாட்டாத முள் வேணும்."

அவர் முகத்தில் அக்கறை வந்தது. 'ஜிக்' என்கிற கனமான முட்கள் மூன்றை எடுத்து வைத்தார். மூன்றிலும் ஈயத் தலை. முள்ளின் முனைக்கு முன்னால், பாசியைத் தடுக்க வேலி போல ஒரு நைலான் நார்க்கற்றை.

"உருண்டைத் தலை வேணாம்மா, கொடியில சிக்கும். இந்தக் கூர்மூக்கை எடுங்க. தூண்டில் நரம்பு கட்டற கண்ணு மூக்கு நுனியிலேயே இருக்கு பாருங்க, இது நழுவி வந்துடும். இலையைத் துளைச்சு இறங்கற அளவுக்குக் கனமும் இருக்கணும். நரம்பு, பின்னல் நரம்பா தடிமனா போடுங்க."

"நார் ரொம்ப விறைப்பா இருக்கே?"

"கட்டைவிரலால அழுத்துங்க. சுலபமா மடங்கலைன்னா மீன் கடிச்சாலும் முள் ஏறாது. ரெண்டு மூணு நாரா வெட்டிப் பாருங்க. ஒரேயடியா வெட்டினா மறுபடி பாசியில மாட்டும்."

அவள் நகவெட்டியால் நார் நாராகக் குறைத்தாள். அடுத்த விடுமுறை நாளில், இலைகளுக்கு நடுவே கையகல இடைவெளி பார்த்து ஜிக்கை நேராக இறக்கினாள். லேசாக ஆட்டினாள், தூக்கினாள், மறுபடி இறக்கினாள். மதியத்துக்கு மேல் நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. பலம்கொண்ட மட்டும் கோலைத் தூக்கினாள். ஒரு கூடைப் பாசியோடு, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் கரையில் வந்து விழுந்தது.

"அம்மாடி!" என்று கத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். எதிர்க் கரையில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கைக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடட்டுமா?"

"சரிம்மா, பாரு."

மீன் வாயைத் திறந்து திறந்து மூடிற்று. இவ்வளவு பெரிய மீனை ஒற்றை ஆள் எத்தனை நாள் தின்பது? முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டாள்.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். குழந்தைக்குப் பல் முளைத்ததிலிருந்து குழாய் ஒழுகுவது வரை எல்லாம் சொல்லிவிட்டு, "நீ எதுக்குக்கா கூப்பிட்டே?" என்றாள்.

"ஒரு மீன் பிடிச்சேன்."

"மீனா? நீயா? எப்போலேருந்து?"

"ரெண்டு வருஷமா போறேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? இன்னிக்குத்தானே பெருசா ஒண்ணு மாட்டிச்சு."

"அடுத்த தடவை மீனோட நிக்கற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. கண்டிப்பா அனுப்பணும், சரியா?"

சரி என்றாள். போனை வைத்த பிறகுதான், இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றால் படத்தை யார் எடுப்பது என்று தோன்றியது.