பாண்டுப் வரைக்கும் நாய்

நம் ஊரில் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு நான்கு தெரு நடந்து பாருங்கள். எங்கே போறே, யார் வீட்டு நாய், சாப்பிட்டியா என்று கேட்டுக் கேட்டே உயிரை வாங்கிவிடுவார்கள். பம்பாயில் ஒரு பகல் முழுக்க நாயோடு நடந்தேன். ஒரு ஆள்கூட எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. வந்த புதிதில் இதைப் பெரிய சுதந்திரம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவன் நான். மடையன். ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். என் அண்ணன் அப்படித்தான் போனான்.

அண்ணன் தாராவியில் தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து அவனிடம் வந்து சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அறுபதுகளின் கடைசி அது. தெற்கத்திக்காரன் வந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டான் என்று நகரமெங்கும் பேச்சு. மதராஸி என்பதை வசவு மாதிரிச் சொன்னார்கள். ஷெட்டில் ஆள் குறைத்தபோது முதல் பெயர் அண்ணனுடையது. இரண்டு வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வளர்த்த நாய் செவலையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். புதன்கிழமை செவலை மட்டும் திரும்பி வந்தது, உள்ளங்கால் நான்கும் கிழிந்து. போலீஸ் சௌக்கியில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மதினி அழவில்லை. நாய்க்குக் கஞ்சி ஊற்றினாள், காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் என்னை எழுப்பினாள்.

"தம்பி, இதைக் கூட்டிக்கிட்டு நடங்க. வந்த வழி அதுக்குத் தெரியும். ஒருத்தராவது உங்க அண்ணனைப் பாத்தேன்னு சொன்னா நான் இங்கயே கெடக்கேன். யாரும் பாக்கலைன்னா நாளைக்கே ஊருக்கு ரயில் ஏறிருவோம். இந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது."

அண்ணனுடைய கல்யாணப் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தாராவியிலிருந்து வடக்கே தாணே பக்கம்வரை ஆள் உயரத்துக்குத் தண்ணீர்க் குழாய் போகிறது. நகரத்துக்கே குடிதண்ணீர் கொண்டுவருகிற குழாய். அதன் மேலும் பக்கத்திலும்தான் ஏழை ஜனங்களின் நடைபாதை. செவலை நேரே அதில்தான் ஏறியது. வால் நிமிர்ந்திருந்தது. பத்தடி முன்னால் ஓடித் திரும்பிப் பார்க்கும், நான் வந்ததும் மறுபடி ஓடும். அதற்கு எல்லாம் தெரியும் என்று நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, எனக்கு ஒன்றுமே தெரியாதே.

குர்லா தாண்டி, குழாய் ஒழுகுகிற இடத்தில் ஒரு மராத்திக்கார அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போட்டோவை நீட்டி, அண்ணன் சொல்லித் தந்திருந்த அரைகுறை ஹிந்தியில், இந்த ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவள் போட்டோவைப் பார்த்தாள். செவலையைப் பார்த்தாள். "நாய்" என்றாள். இன்னொரு தரம் கேட்டேன். "நாய், நாய்" என்று சொல்லிக் கையை வடக்கே வீசினாள்.

சிரிக்காதீர்கள். ஹிந்தியில் நாய்க்குக் குத்தா என்று எனக்குத் தெரியும். ஆனால் இவள் பேசுவது மராத்தி. மராத்தியில் அக்கா என்றால் அக்காதான், அண்ணா என்றால் அண்ணாதான், அதை என் காதாலேயே கேட்டிருந்தேன். அப்படியானால் நாயும் நாயாகத்தானே இருக்க வேண்டும்? ஆளை மறந்துவிட்டாள், நாயை அடையாளம் தெரிகிறது, இந்த வழியாகத்தான் போயிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம்கூடக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வழியெல்லாம் எனக்கு நல்ல சேதிதான். காட்கோபரில் புல் சுமந்து வந்த கிழவர், நாய் என்றார். கல் உடைக்கிற பெண்கள் இரண்டு பேர் ஒரே குரலில் நாய் என்றார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்காமலேயே நாய் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது, செருப்பு வார் அறுந்து வெறுங்காலோடு நடந்தேன், வயிற்றில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் கால் வலி தெரியவில்லை. ஊரில் எங்கள் தெருவில் ஆடு காணாமல் போனால்கூட நாலு வீடு கூடித் தேடும். பம்பாய்க்காரர்கள் அதற்குக் குறைந்தவர்கள் இல்லை என்று மனசுக்குள் அவர்களை வாழ்த்தினேன்.

பாண்டுப்பில் செவலை படுத்துவிட்டது. மஞ்சள் பற்றெல்லாம் உதிர்ந்து கால்களில் ரத்தம். ஒரு டீக்கடை நிழலில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே நான் தமிழில் புலம்பியிருக்க வேண்டும். பக்கத்து பெஞ்சிலிருந்தவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாக, "எந்த ஊருப்பா?" என்றார். நாசரேத் பக்கத்துக்காரர், இங்கே ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். எல்லாவற்றையும் கொட்டினேன். வழியெல்லாம் நாயைப் பார்த்திருக்கிறார்கள், அண்ணன் இன்னும் கொஞ்ச தூரத்தில்தான் இருப்பான் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"தம்பி, அவங்க சொன்னது நம்ம நாய் இல்லப்பா. இங்க பேச்சுல நாய்னா இல்லைன்னு அர்த்தம். யாரும் பாக்கலைன்னு சொல்லியிருக்காங்க."

அவர் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. கை வீச்சுக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது: போ, வேலையைப் பார். செவலையும் என்னை எங்கேயும் கூட்டிவரவில்லை. நான் போன பக்கம் முன்னால் ஓடியிருக்கிறது, அவ்வளவே. அந்த பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இருபத்தி மூன்று வயது ஆண்பிள்ளை. அழாதேப்பா, சத்தம் போடாதே, காலம் சரியில்லை என்று அவர் என் தோளை அழுத்தினார்.

நாயை இங்கே விட்டுவிட்டு ரயிலில் போ, ரயிலில் அதை ஏற்ற மாட்டார்கள் என்றார். அண்ணனோடு கடைசியாக நடந்த ஜீவன் அது. எப்படி விடுவேன்? தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். துணி துவைத்த இடத்தில் இப்போது யாருமில்லை. தாராவி வந்து சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரம். மதினி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே, கட்டி வைத்த டிரங்குப் பெட்டி தெரிந்தது. ஊருக்குப் போகத் தயாராகத்தான் இருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முகத்தைப் பார்த்தேன். என் நாக்குப் புரண்டுவிட்டது.

"பாண்டுப் பக்கம் பாத்திருக்காங்க மதினி" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்து சேலைகளைக் கொடியில் போட்டாள்.

அது நடந்து மூன்று வருஷமாகிறது. மதினி ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் துலக்கப் போகிறாள். ஞாயிறுதோறும் குழாய் வழியாகப் பாண்டுப் வரை நடந்துவிட்டு வருகிறாள். நானும் ஒரு ஷெட்டில் ஒட்டிக்கொண்டேன். எத்தனையோ தரம் உண்மையைச் சொல்ல வாயெடுத்திருக்கிறேன். நெற்றி நிறையக் குங்குமத்தோடு எதிரே நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? அவளை இந்த ஊரில் கட்டிப்போட்டவன் நான், நானும் அவளோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறேன்.

போன மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. இனிக் காத்திருந்து பயனில்லை என்று பெரியவர்கள் கூடிப் பேசி அண்ணனுக்குக் காரியம் செய்து முடித்துவிட்டார்களாம். மதினியைக் கூட்டிக்கொண்டு வா, இங்கே அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள். மதினிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன்: இங்கு அனைவரும் சுகம், அங்கு பெரியவன் வந்து சேர்ந்ததும் உடனே இரண்டு வரி எழுதவும்.