எங்க ஒட்டப்போறீங்க

தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, சித்தி நடைபாதையில் பின்னோக்கி நடக்கிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. மாடியில் இருப்பவர்களுக்கு இது பழகிவிட்டது. தணிக்கையாளர் அலுவலகத்து ஆள் கோப்புக் கட்டோடு வெளியே வந்தால் சுவரோடு ஒண்டி நின்று வழிவிடுவார். கடைசியில் அவள் முதுகு லிஃப்ட் கதவில் இடிக்கும். அங்கிருந்து கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். தாளில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு உருவம். அது இன்னதென்று அத்தனை தூரத்திலிருந்து தெரிந்தால் வேலை தொடரும். தெரியாவிட்டால் தாள் கிழிபடும். ஒருமுறை லிஃப்ட் திறந்துகொண்டு, உள்ளே நின்ற கூரியர்காரர் மேல் சாய்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "அங்க என்ன தெரியுது, சொல்லுங்க" என்றாள். அவர் குடை என்றார். அது காளான். கிழித்தாள்.

லோகோ வரைவது அவள் பிழைப்பு. அக்கா மகள் விடுமுறை நாட்களில் வந்து கூப்பிட்டதைக் கேட்டு, மாடி முழுக்க அவளைச் சித்தி என்கிறது. அவளைவிட மூத்த காவலாளியும் அப்படியே அழைக்கிறார். அறையில் இரண்டு மேஜைகள். வருகிறவர்களிடம் பேச வேண்டியவள் அக்கா என்பதால் அவள் மேஜை கதவருகே. சித்தியின் மேஜை சுவரைப் பார்த்து. வந்தவருக்கு முதலில் தெரிவது அவள் கழுத்தும் கொண்டையில் செருகிய பென்சிலும்தான். பிஸ்கட் பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து அதன் சின்னம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள். எதிர் அறையில் மொழிபெயர்ப்பு செய்யும் எனக்கு, இரண்டு கதவுகளும் திறந்திருப்பதால், அங்கே பேசுவதில் பாதி கேட்கும்.

எந்த சாஃப்ட்வேரில் செய்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். இப்போதெல்லாம் அதுதான் முதல் கேள்வி.

"வீடு கட்டுறவர்கிட்ட சாந்துக் கரண்டி எந்தக் கம்பெனின்னா கேப்பீங்க?" என்பாள், திரும்பாமலே.

கணினியில் அவள் வைத்திருப்பவை மூன்று. ஒன்று புகைப்படங்களுக்கானது. படத்தைப் புள்ளிகளாக வைத்திருக்கும். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு. அதில் லோகோ செய்துகொண்டவர்களுக்குப் பெயர்ப்பலகை ஏறும் நாளில்தான் இது தெரியவருகிறது. இரண்டாவது கோடுகளுக்கானது. வளைவைக் கணக்காக நினைவில் வைத்துக்கொள்வதால் பொத்தானிலும் கட்டடத்தின் நெற்றியிலும் ஒரே ஓரம். அதற்கு மாத வாடகை. வாடகை கட்ட முடியாத மாதங்களுக்கு, அதே வேலையைச் செய்யும் இலவசமான மூன்றாவதைத் திட்டிக்கொண்டே பயன்படுத்துவாள். இணையத்தில் ஆயத்த உருவங்களை அடுக்கிப் பத்து நிமிடத்தில் லோகோ செய்துகொள்ளும் தளங்களும் உண்டு. அவற்றை அவள் பழிப்பதில்லை. பிறந்தநாள் அட்டைக்கு அவை சரி. "லோகோவுக்கு அது, இடுக்கியால ஊசி கோக்கிற மாதிரி" என்பாள்.

அவள் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். "எங்க ஒட்டப்போறீங்க?"

துணியில் தைப்பதென்றால் மெல்லிய கோடு கிடையாது, நூல் அதை விழுங்கிவிடும். கண்ணாடிக் கதவு என்றால் உள்ளேயிருந்து பார்ப்பவருக்கும் அது உருவமாக இருக்க வேண்டும். ஃபோன் திரையின் மூலை என்றால் எழுத்தே வேண்டாம். யோசித்திராதவர்கள் எல்லா இடத்திலும் என்பார்கள். அப்படியானால் கறுப்பில் தொடங்குவோம் என்பாள். மென்பொருளைத் திறப்பது பிறகு, வண்ணம் அதற்கும் பிறகு.

இப்படிச் செய்தால் வாரத்துக்கு ஒன்று முடிவதே அதிகம். இடைப்பட்ட நாட்களைச் சமாளிப்பது அக்கா. ஃபைல் ஏறிக்கொண்டே இருக்கிறது, நெட் படுத்துகிறது, ஒரே ஒரு வளைவுதான் பாக்கி என்று அவள் ஃபோனில் சொல்லும்போது சித்தி பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். அக்கா இல்லாமல் அந்த அறை ஒரு மாதம் தாங்காது என்பது காவலாளிக்கும் தெரியும்.

போன மாதம் அக்காவுக்கு வேறு வேலை வந்தது. ஆயத்த லோகோ தளம் நடத்தும் நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர் பிரிவைப் பார்த்துக்கொள்ள அழைத்தது. சாப்பாட்டு டப்பாவை மூடியபடி அக்கா இதைச் சொன்னாள்.

"உனக்காகப் பொய் சொல்லியே பாதி வயசு போச்சுடி எனக்கு. அங்க எல்லாம் பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். யாருக்கும் எதுவும் சொல்லிச் சமாளிக்க வேண்டாம்."

"சரி" என்றாள் சித்தி.

"என்ன சரி?"

"சரின்னா சரி."

கையில் இருக்கும் வேன் வேலை முடிந்ததும் பதில் சொல்வதாக அக்கா அந்த நிறுவனத்திடம் அவகாசம் வாங்கிக்கொண்டாள்.

வேன் வேலை, வீடு மாற்றித் தரும் கம்பெனி நடத்தும் ஒருவருடையது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாத உருவம். அவருக்கு ஏற்கெனவே ஒரு லோகோ இருந்தது, மச்சான் போட்டுக் கொடுத்தது. உலக உருண்டை, அதைச் சுற்றி ஓடும் லாரி, லாரிக்கு இறக்கை, சக்கரத்துக்குப் பின்னால் தீ. தீ வேகத்தைக் காட்டுவதற்கு என்று விளக்கினார். கட்டிலும் மெத்தையும் ஏற்றுகிற வண்டியில் தீயா என்று சித்தி கேட்டதும் அதை விட்டுக்கொடுத்தார். அடுத்த தெருவுக்குப் போக உலகம் எதற்கு என்றதும் உருண்டையும் போனது. இறக்கையை மட்டும் அவர் விடவில்லை.

"பறக்கிற மாதிரி இருக்கணும் சித்தி. இறக்கையும் போச்சுன்னா மச்சான் மூஞ்சில முழிக்க முடியாது."

"பீரோவோட பறக்கிறவங்ககிட்ட யாரு பீரோ குடுப்பா?"

அக்கா நடுவில் புகுந்து, இறக்கை கட்டாயம் இருக்கும் என்று அவரை அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவு வழியாகவும் கேட்டது.

"இந்த ஒரு தடவை சீக்கிரம் முடிச்சுக் குடுடி. எனக்காக."

மறுநாள் சித்தி பென்சிலைத் தொடவில்லை. நடைபாதைக்கும் வரவில்லை. அக்காவின் கணினி முன் உட்கார்ந்து, ஆயத்தத் தளம் ஒன்றைத் திறந்தாள். நீலத்தில் ஒரு பெட்டி. அதன் மேல் அங்கேயே கிடைத்த ஒரு இறக்கை, வெள்ளையில். திரையும் வெள்ளை என்பதால், பெட்டியிலிருந்து இறக்கையை வெட்டி எடுத்ததுபோல் இருந்தது. அழகாகவும் இருந்தது. மதியத்துக்குள் அனுப்பிவிட்டாள். அவளுக்கு இப்படியும் செய்யத் தெரியுமா என்று அக்கா கேட்டாள். செய்யலாம் என்று மட்டும் பதில் வந்தது. வேன் என்ன நிறம் என்று சித்தி கேட்டிருக்கவில்லை.

வேன்கள் மஞ்சள்.

ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் கண்ணால் பார்ப்பதில்லை, கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். இறக்கையில் பாதி பெட்டிக்கு வெளியே நீண்டிருந்தது. வெள்ளைப் பரப்பில் அது யாருக்கும் தெரியவில்லை. மெஷின் அதையும் சேர்த்து வெட்டியது. முதல் வேனில் ஒட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்திருக்கிறார்கள். நீலப் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு இறகும் தெரிய வெளியே தொங்கும் வெள்ளை இறக்கை. படம் வந்த கையோடு ஃபோனும் வந்தது. அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"அக்கா, பெட்டிக்குள்ள கோழி இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"மச்சான்தான் சிரிக்கிறான். வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து சிரிக்கிறான். இவனுக்கு நான் என்ன சொல்றது?"

சித்தி எழுந்து வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெட்டி எடுக்க வேண்டிய இடத்தை வெள்ளையால் மூடியிருந்தாள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு. மற்றவர்கள் போட்டுக் கொண்டுவந்த லோகோக்களில் அவளே அதை எத்தனையோ முறை கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாள். "மூடிட்டேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு ஃபோனுக்குக் கையை நீட்டினாள். அக்கா தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுங்க. அவ சரியாத்தான் குடுத்தா. நான்தான் பாதியில இருந்த ஃபைலை அனுப்பிட்டேன். மத்த வண்டிங்கள்ல ஒட்டாதீங்க, சரியானது இப்ப வந்துடும்."

வழக்கமான குரல். எங்கும் தடுமாறவில்லை. வைத்த பிறகும் தங்கை பக்கம் திரும்பாமல், மேஜையில் இருந்ததை அடுக்கினாள்.

சித்தி தன் நாற்காலிக்குப் போய்க் கோடுகளுக்கான மென்பொருளைத் திறந்தாள். வண்ணங்களை அணைத்தாள். கம்பி கம்பியாக உருவத்தின் ஓரங்கள் மட்டும் நின்றன. இறகுகளைக் குறைத்து மூன்றாக்கினாள். பெட்டியிலிருந்து இறக்கையின் வடிவத்தை வெட்டி எடுத்து, வெளியே நீண்டதை எறிந்தாள். அடியில் மஞ்சளை விரித்தாள், பிறகு கறுப்பை, பிறகு சிவப்பை. ஒவ்வொன்றிலும் இறக்கை அந்தந்த நிறத்தில் தெரிந்தது. அனுப்பினாள்.

சாயங்காலம் இரண்டாவது வேனின் படம் வந்தது. வேனின் மஞ்சளே இறக்கையாகியிருந்தது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லையாம். அதையே பாராட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் கம்பெனிக்காரர். அக்கா சிரித்துக்கொண்டே வைத்தாள்.

உடனே ஃபோன் மறுபடி அடித்தது. திரையில் அக்காவை வேலைக்கு அழைத்த நிறுவனத்தின் பெயர். அக்கா பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடிச்சு ஓயட்டும். இன்னைக்கு நான் இல்லேன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

சித்தி எழுந்து வந்தாள். ஃபோனை நிமிர்த்தி, பச்சைப் பொத்தானை அழுத்தி, அக்காவின் காதோரம் பிடித்தாள். அக்காவின் கை உயர்ந்து அதை வாங்கிக்கொள்ளும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.